விறகு அடுக்கில் நீல வண்டுகள்

ஜூலை வெயிலில் காவ்ரில் விறகு அடுக்கின் முனைகளைச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தான். கார்பாத்திய மலையின் அந்த ஊரில், ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதை அவன் வீட்டு விறகு அடுக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். காவ்ரிலுடையது பீச் என்ற காட்டு மரத்தின் விறகு. தெற்குச் சுவரோரம், நூல் பிடித்தது போல் நிற்கும். அவனும் மனைவி டோம்னிகாவும் நடத்தும் நான்கு அறை விடுதிக்குக் குளிர்காலத்தில் அதுதான் கணப்பு.

"தட்டினது போதும்யா. என் தலைமுடியை என்னைக்காவது இப்படிக் கவனிச்சிருக்கியா?" என்றாள் டோம்னிகா.

"உன் முடி சொன்ன பேச்சு கேக்காதுடி."

மாடியறையில் தங்கிக் காட்டுப் பூச்சிகளை ஆராயும் இலிங்கா வெளியே வந்தவள் நின்றுவிட்டாள். விறகின் மேல் வானநீல வண்டுகள், உடலைவிட நீண்ட கொம்புகளை ஆட்டியபடி நடந்தன.

"வருஷா வருஷம் வரும். என் அடுக்கைப் பார்க்கத்தான்" என்றான் காவ்ரில்.

"முட்டை போட வருது அண்ணே. பட்டுப்போன பீச் மரம்தான் அதுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. காட்டுல பட்ட மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க. வெயில்ல இருக்கிற உங்க விறகைத் தேடி வந்துடுது. புழு மூணு வருஷம் மரத்துக்குள்ளயே இருக்கும்."

காவ்ரிலின் கை நின்றது. "நான் டிசம்பர்ல எரிச்சிடுவேனே."

"ஆமா."

"வருஷா வருஷம்."



மதியம் மூவர் தட்டிலும் சோளக்களி ஆறியது. வனத்துறை ஆண்டுக்கு ஒரு தடவைதான் விறகு தரும். கிறிஸ்துமஸுக்கு நான்கு அறைகளும் முன்பதிவாகிவிட்டன. அந்த வருமானத்தில் மேலும் இரண்டு அறை கட்டுவதாக இருந்தான்.

"கொட்டகைல நிழல்ல கிடக்கிற விறகை எரிக்கலாமா?" என்றாள் டோம்னிகா.

"நிழல்ல இருக்கிறதுக்கு இந்த வண்டு அனேகமா வராது அக்கா. இனிமே வெயில் காலத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் உள்ள ஏத்திடுங்க."

"அது ரெண்டு அறைக்குத்தான் காணும்" என்றான் காவ்ரில்.

"அப்ப ரெண்டு அறைதான். மத்தவங்களுக்கு நான் போன் பண்றேன். திட்டினா உன் பேரைச் சொல்லிடுவேன்" என்றாள் டோம்னிகா.

காவ்ரில் சிரித்துவிட்டான். மறுநாள் அடுக்கைப் பிரித்து, புழுக்கள் அங்கேயே வளரட்டும் என்று கைவண்டியில் வெயில் படும் காட்டோரத்துக்குக் கொண்டுபோனான். பக்கத்து வீட்டு ஒனுஃப்ரே வேலியில் சாய்ந்து நின்றான்.

"என்னய்யா, விறகு கசந்துடுச்சா? காட்டுக்கே திருப்பிக் குடுக்கறே?"

"காட்டைக் கோடாலி மட்டும் அழிக்கறதில்ல ஒனுஃப்ரே. விவரம் தெரியாம நாம செய்யற நல்ல பழக்கமும் அழிச்சிடுது. தெரிஞ்சப்புறமும் மாத்திக்காம இருந்தாத்தான் பாவம். காடு எத்தனை அறைக்குச் சூடு தருதோ, அத்தனை அறைதான் இனி எங்க விடுதி."

வண்டியைக் கீழே வைத்துவிட்டு வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தான்.

"உன் அடுக்கும் வெயில்லதானே நிக்குது? அதுலயும் நீல வண்டு முட்டை போட்டிருக்கும். வா, நானும் ஒரு கை பிடிக்கிறேன்."