குதிகால் மெத்தென்று இருக்க வேண்டும்

1

இந்தக் கதை எனக்கு ஆரணியில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட, ஓர் அம்மாள் மட்டும் இலையை ஜன்னல் கட்டையில் வைத்து, நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "முதுகுங்க. குந்தினா எழுந்திருக்கிறது பேஜாரு" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "ஓட்டக்காரி நானு" என்றார்.

அன்றைக்கே ஒரு தொடக்கம் எழுதினேன்: "பட்டின் மினுமினுப்பில் கண்விழிக்கும் ஆரணியில், 1983ஆம் ஆண்டு, ஒரு பெண்—"

(அடித்துவிட்டேன். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்ததில் அவருக்கு முதுகுதான் போயிற்று. மினுமினுப்பு கட்டிக்கொண்டவர்களுக்கு.)

2

அந்த அம்மாள்தான் குணசுந்தரி. பள்ளிக்கூடத்தில் ஓடியவள். கல்யாணத்தோடு ஓட்டம் நின்று தறி வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், விடியற்காலையில் கோட்டை மைதானத்துக்குப் போய், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு மறுபடி ஓடத் தொடங்கினாள்.

அவள் புருஷன் பச்சையப்பன் ஆரணி–வேலூர் பஸ்ஸில் கண்டக்டர். அவளை அவன் தடுக்கவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் யாராவது, "உன் ஊட்டம்மா மாதிரி ஒருத்தர் மைதானத்துல ஓடிகினு இருந்தாங்களே" என்றால், "வேற யாராச்சும் இருக்கும்" என்று டிக்கெட் கிழிக்கப் போய்விடுவான்.

முதுகு பிடித்துக்கொண்டபோது அவன்தான் அவளை வேலூரில் டாக்டரிடம் அழைத்துப் போனான்.

"ஓடறத உட்டுடணுங்களா?" என்று கேட்டாள். பிரசவ வலியில்கூட அவள் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதைப் பச்சையப்பன் கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"விட வேணாம்மா" என்றார் டாக்டர். "குனிஞ்சு உக்கார்றதக் கொறச்சுக்க. வெறுங்காலோட ஓடாத. குதிகால்ல மெத்துனு இருக்கிற ஷூவாப் பாத்து வாங்கு. இல்லன்னா ஒவ்வொரு அடியும் நேரா முதுகுக்குத்தான் ஏறும்."

3

ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது, பச்சையப்பன் பழைய தினசரித்தாளை அவள் உள்ளங்காலில் ஒட்டிப் பிடித்து, பென்சிலால் சுற்றி வரைந்தான்.*

வேலூரில் பஸ் நின்ற நேரத்தில் அந்தத் தாளை ஒரு செருப்புக் கடையில் நீட்டினான்.

"யாருக்குங்க?"

"பையனுக்கு" என்றான்.

இந்த இடத்தில் எனக்குப் பேனா நின்றுவிட்டது. ஏன் அப்படிச் சொன்னான்? 'ஊர் சிரிக்கும் என்று பயந்து' என்று எழுதினேன், ரொம்பக் கடுமை. 'வெறும் கூச்சம்' என்று மாற்றினேன். அது அவனைச் சுலபமாகத் தப்பவிடுகிறது. பந்தியிலேயே அந்த அம்மாளிடம் கேட்டிருந்தேன். "எதனா எழுதிக்குங்க. கெட்டவர்னு மட்டும் எழுதாதீங்க" என்றார்.

எழுதவில்லை.

கடைக்காரர், பையன்கள் பள்ளிக்கூடத்துக்குப் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை எடுத்துக் கொடுத்தார். அப்பளம் மாதிரி அடிப்பாகம்.

(*அவள் தூங்கவே இல்லையாம். கூசியதை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாளாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.)

4

குணசுந்தரி அதைப் போட்டுக்கொண்டு ஆசையாக ஓடினாள். கொஞ்ச நாளில், ஒரு காலை, சுவர் சுவராகப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். தரையில் படுத்தவளால் ஒருக்களிக்கக்கூட முடியவில்லை. பச்சையப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"முதுகு வலிக்காரிக்குன்னு சொல்லித்தானே வாங்கினீங்க?"

"பையனுக்குன்னு சொன்னன்."

அவள் பார்வை மேலே போனது. கூரையில் ஓர் ஓடு விரிசல் விட்டிருந்தது.

"எந்தப் பையனுக்கு?"

அவன் முழித்த முழியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் முதுகில் வெட்டியது. சிரிப்பு அழுகையாக மாறியதை அவளால் நிறுத்த முடியவில்லை. பச்சையப்பன் தன் உள்ளங்கையை அவள் இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் நுழைத்து, அப்படியே வைத்திருந்தான். கை மரத்துப்போன பிறகும் எடுக்கவில்லை.

5

அவள் நடமாட ஆரம்பித்ததும் லீவு போட்டுவிட்டு வேலூருக்குக் கூட்டிப்போனான். கடையில் கூட்டம். இரண்டு பேர் தெரிந்த முகம், அவன் பஸ்ஸில் வருகிறவர்கள்.

"என் சம்சாரம்ங்க. இவங்க ஓடறவங்க. முதுகு வலி இருக்குது. குதிகால்ல மெத்துனு வேணும்" என்றான் பச்சையப்பன். காது மடல் சிவந்திருந்தது. ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

கடைக்காரர் மேல்தட்டில் தேடி ஒரு ஜோடியை இறக்கினார். ஆம்பூர்ப் பக்கம் வெளிநாட்டுக்குச் செய்ததில் மிஞ்சியது. பின்னால் தடிமனாக ரப்பர், உள்ளே பஞ்சு மாதிரி.

"நின்னு பாத்தா தெரியாதும்மா. தெருவுல கொஞ்சம் ஓடிப் பாருங்க."

வெளியே கடைத்தெரு நிறைய ஜனம். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஓடு, குணா."

6

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், வலியில்லாமல் திரும்பி வந்து, இதுவே போதும் என்கிறாள். இன்னொன்றில் உதட்டைப் பிதுக்குகிறாள். அடுத்த கடைக்குப் போகிறார்கள், அதற்கடுத்த கடைக்கும். மூன்றாவதில் பந்தயம், கோப்பை, கைதட்ட— (அதைக் கிழித்துவிட்டேன்.)

எனக்குத் தெரிந்தது தெருமுனை வரைக்கும்தான். அதற்குள் பந்தியில் யாரோ கூப்பிட, அந்த அம்மாள் கை கழுவப் போய்விட்டார். குணசுந்தரி முனை வரை ஓடினாள். திரும்பவில்லை. வளைந்து, கண்ணுக்கு மறைந்தாள்.

"இன்னாங்க, ஷூவோட போய்க்கினே இருக்காங்க?" என்றார் கடைக்காரர்.

"வருவாங்க" என்றான் பச்சையப்பன். ஆரணி பஸ் புறப்படும் நேரம் அவனுக்குத் தெரியாததல்ல. போனால் போகட்டும் என்று கடைப்படியில் உட்கார்ந்துகொண்டான். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், இடம் இருக்கிறது. அவள் வந்ததும் முதுகு எப்படி இருக்கிறதென்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.