யாரிடமும் சொல்லக் கூடாத நம்பர்

என் மனைவிக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இன்னொரு கண்ணில் இன்னும் பனிமூட்டம். முதல் கண்ணுக்கு ஆன செலவை இன்சூரன்ஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்தால்தான் இரண்டாவது கண்ணுக்கு நாள் குறிக்க முடியும். எல்லாக் காகிதமும் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, மருந்துக்கடை பில் ஒன்றைத் தவிர. அதைக் கொடுக்கக் கடைசி நாள் அன்றுதான். ஐந்து மணிக்கு ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள்.

பில் தொலைந்த விஷயத்தில் எங்களுக்குள் சிறு கருத்து வேறுபாடு. சட்டையோடு சேர்த்து அதைத் துவைத்தது அவள் என்பது என் கட்சி. சட்டைப் பையில் விட்டு வைத்தது நான் என்பது அவள் கட்சி. வெளியே வந்தபோது அது ஊறிய பஞ்சு மாதிரி இருந்தது. காயவைத்து, இஸ்திரி போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என் சட்டைப் பொத்தானின் அச்சு மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

இருவரும் மருந்துக்கடைக்கு ஓடினோம்.

“பழைய பில்லா? எடுத்துடலாம் சார்,” என்றார் கடைக்காரப் பெண்மணி. “வாங்கினப்ப குடுத்த போன் நம்பர் சொல்லுங்க.”

இங்கேதான் சிக்கல். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பார்களே என்று, எந்தக் கடையிலும் என் நம்பரைச் சொல்ல மாட்டேன். என் மனைவியின் அண்ணன் நம்பரைச் சொல்லிவிடுவேன். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் உலகமே தன்னைத் தேடுகிறதென்று மச்சானுக்கும் பெருமை. மனை விற்கக் கூப்பிட்ட ஒருவனுக்கு இவர் தன் பழைய ஸ்கூட்டரை விற்றே விட்டார்.

நம்பரைச் சொன்னேன்.

“ஓடிபி போயிருக்கு சார். அதைச் சொன்னா பில் வந்துடும்.”

மச்சானுக்கு போன் போட்டேன். “மச்சான், இப்ப ஒரு நம்பர் வந்திருக்குமே?”

“வந்திருக்கு.”

“சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு.”

“நான் யாரோவா மச்சான்?”

“மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லலாம்னு போடலையே.”

மச்சான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தன் கல்யாணத்துக்கு வந்திறங்கிய மாமனாரிடமே டிக்கெட் கேட்டு, அபராதம் கட்ட வைத்து, ரசீதும் கொடுத்த பிறகுதான் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மனைவி போனைப் பிடுங்கினாள். “அண்ணே, என் கண்ணுக்காகண்ணே!”

“உன் கண்ணுக்கு என் உசிரைக் கேளு, தர்றேன். நம்பரை மட்டும் கேக்காத.”

அதற்குள் நம்பர் காலாவதியாகிவிட்டது. அதற்கு ஆயுசே அவ்வளவுதானாம். “அவரையே கூட்டிட்டு வந்துடுங்களேன்,” என்றார் கடைக்காரப் பெண்மணி.

மச்சான் வீடு அதே தெருவின் மேட்டில் இருக்கிறது. ஆனால் அவருக்கு வாதத்தில் கால் வீங்கியிருந்தது. நாங்கள் ஏறிப் போனபோது, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்குள் உருண்டுகொண்டிருந்தார்.

“வர எனக்கு ஆட்சேபணை இல்ல மாப்பிள்ளை. எப்படி வர்றது?”

நான் நாற்காலியைப் பார்த்தேன். மனைவியும் பார்த்தாள். மச்சான் போனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்தார்.

பாதித் தூரம் நாங்கள் நாற்காலியைத் தள்ளினோம். மீதித் தூரம் அது எங்களை இழுத்துக்கொண்டு போனது. ஒரு பஸ்ஸை முந்தினோம். மச்சான் பழக்க தோஷத்தில் கையை நீட்ட, ஜன்னலோரம் இருந்த இரண்டு பேர் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார்கள்.

“பிரேக் எங்க மாப்பிள்ளை?”

“என் செருப்புதான் மச்சான்!”

கடை வாசலில் நின்றபோது செருப்பில் வார் மட்டுமே மிச்சமிருந்தது.

மறுபடியும் ஓடிபி வந்தது. “சொல்லுங்க சார்,” என்றார் கடைக்காரப் பெண்மணி.

“நீங்களும் யாரோதானேம்மா.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் தலைவலி மாத்திரை அவருக்கே தேவைப்படும் போலிருந்தது. கீபோர்டை மச்சான் பக்கம் திருப்பி வைத்தார். “சொல்ல வேணாம். நீங்களே அடிச்சுடுங்க.”

“எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க.”

நான், மனைவி, கடைக்காரப் பெண்மணி, இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் எல்லோரும் மருந்து அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றோம். இருமல்காரர் மரியாதைக்காக இருமலைக்கூட அடக்கிக்கொண்டார். பின்னால் சத்தமே இல்லை.

“அடிச்சாச்சா மச்சான்?”

“மூக்குக் கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டேன். ஒண்ணும் தெரியல.”

என் மனைவி கண்ணை இடுக்காமல், கழுத்தைத் திருப்பாமல், அலமாரியின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவில், நாற்காலியைத் திருப்பி எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மச்சான் தெரிந்தார். அவர் தோளுக்கு மேலே, கையை எட்டின மட்டும் நீட்டி அவர் பிடித்திருந்த போன் தெரிந்தது. போனில் எழுத்து இடம் வலமாக மாறித் தெரிந்தது. புரை எடுத்த கண்ணுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

“ஏழு, நாலு, நாலு, ஒண்ணு, ஒம்பது, ரெண்டு. அடிண்ணே!”

“யார் சொன்னது உனக்கு?”

“யாரும் சொல்லல. நானே பார்த்தேன். சொல்லாதீங்கன்னுதானே போட்டிருக்கு? பார்க்காதீங்கன்னா போட்டிருக்கு?”

மச்சான் யோசித்தார். ஒரு ரயில் நின்று கிளம்பும் நேரம் யோசித்தார். “சட்டத்துல இடம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு ஒற்றை விரலால் அடித்தார்.

பிரிண்டர் கரகரவென்று பில்லைத் துப்பியது. இருமல்காரர் கைதட்டினார், அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து இருமினார்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் சரிவின் அடியில் இருந்தது. நாங்கள் உருண்டு சேர்ந்தபோது குமாஸ்தா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். மச்சான் வீங்காத காலை நீட்டி அதைத் தடுத்தார்.

“டைம் முடிஞ்சிருச்சு சார்.”

மச்சான் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். “இது ரயில்வேயில போட்டிருந்த வாட்ச். இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள நீங்க பூட்டினா எழுதிக் குடுக்கணும்.”

குமாஸ்தா எழுதிக் கொடுக்கத் தயாராக இல்லை. பில்லை வாங்கினார், முன்னும் பின்னும் பார்த்தார், முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். “எல்லாம் சரியா இருக்கும்மா. பணம் வந்துடும். அடுத்த கண்ணுக்கு டாக்டரைப் பாத்துடுங்க.”

அதைக் கேட்டு மச்சான் இரண்டு காலிலும் எழுந்து நின்றுவிட்டார். வலி இருப்பது அவருக்கே மறந்துபோயிருக்கிறது. திரும்பி உட்காரப் போனால் நாற்காலி காலியில்லை. என் மனைவி சாய்ந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சக்கரத்தில் மாட்டாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

“மேடு ஏறணும். ரெண்டு பேரும் நல்லாத் தள்ளுங்க.”

ஒருவர் நொண்டிக்கொண்டும் ஒருவர் வெறுங்காலோடும் தள்ளினோம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் கையை மட்டும் தூக்கி, பொறு என்று சைகை காட்டினாள்.