நீலப்பூ வாளியும் பானைக் கொக்கியும்

எலியேன் அந்த மஞ்சள் ஃபார்மிகாத் தகடு ஒட்டின அலமாரிகளைக் கழற்றச் சொன்ன அன்றைக்கே சேதி ஊரைச் சுற்றிவிட்டது. ரொட்டிக்கடை வாசலில் பெண்களுக்கு வேறு பேச்சே இல்லை. ஏதோ தேவாலயத்தை இடித்துத் தள்ளிவிட்ட மாதிரி, "வந்து ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள ஜனினோட சமையலறையையே பேத்துட்டாளாமே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஜனின் மர்சியாலின் முதல் மனைவி. போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. எலியேன் போர்தோ நகரத்தில் மருந்துக்கடையில் நின்று நின்றே காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். ஒரு கல்யாண விருந்தில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். அறுபதைத் தாண்டி ஒரு கல்யாணம், அதுவும் வாத்தும் வால்நட் தோப்புமாக இருக்கிற பெரிகோர் நாட்டுப்புறத்து விவசாயியோடு. ஊர் வாயை மூட முடியுமா, சொல்லுங்கள்.

ஊர் என்ன சொன்னாலும் எலியேன் கவலைப்பட்டிருக்க மாட்டாள். அவளுக்குப் பயம் ஒரே ஒருத்தியிடம்தான். மர்சியாலின் அக்கா லுசெத். எதிர்க்குன்றில் வீடு. ஜனினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், கடைசி மூச்சு வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். தம்பியின் இரண்டாம் கல்யாணத்துக்கு வந்தாள். கோட்டுப் பொத்தானைக்கூட அவிழ்க்கவில்லை. இனிப்பு பரிமாறுவதற்குள் எழுந்து போய்விட்டாள். எலியேனை இன்றுவரை "மேடம்" என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த ஒரு சொல் போதும், வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது போலிருக்கும்.

ஃபார்மிகாவை மர்சியால் தூக்கி எறியவில்லை. டிராக்டர் கொட்டகையில் மாட்டி, ஆணியும் திருகும் போட்டுக்கொண்டான். அலமாரி போன இடத்தில் ஒரு மரப்பலகைத் தடுப்பு இருந்தது. அதையும் பெயர்த்தபோதுதான் உள்ளே இருந்த பழைய கணப்பு அடுப்பு வெளியே வந்தது. ஒரு ஆள் குனியாமல் உள்ளே நிற்கலாம், அவ்வளவு பெரிது. கரி படிந்த கல். மேலே புகைபோக்கியில் ஒரு இரும்பு வளையம், சும்மா தொங்கிக்கொண்டு.

"இதுல என்ன மாட்டியிருந்தது?" என்றாள் எலியேன்.

"பானைக் கொக்கி. எங்க கொள்ளுத்தாத்தா காலத்து இரும்பு. ஃபார்மிகா வந்தப்போ ஜனின் அதைக் குப்பையில போட்டா. அக்கா எடுத்துட்டுப் போயிட்டா."

அவ்வளவுதான், எலியேனுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குப் போனால் கணப்பில் பானைக் கொக்கியை மாட்டி, அதில் சூப்புப் பானையைத் தொங்கவிட்டு ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். இப்போதெல்லாம் கணப்பும் கிடையாது கொக்கியும் கிடையாது, விருந்துக்கு மட்டும் 'கொக்கி விருந்து' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் எலியேனிடம் கணப்பே இருக்கிறதே! அந்த வளையத்தில் அந்த வீட்டுக் கொக்கி ஏறிவிட்டால் தானும் அந்த வீட்டுக்காரி. ஏறாவிட்டால்? வந்து தங்கியிருக்கிற மேடம்.

"சந்தையில பழைய கொக்கி எத்தனையோ கிடைக்கும். ஒண்ணு வாங்கிட்டா போச்சு" என்றான் மர்சியால்.

"யாரோ வீட்டுக் கொக்கியை இந்த வீட்டு வளையத்துல மாட்டவா? நீ கேளேன் உன் அக்காவை."

"அய்யோ, என்னை விட்டுடு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்தா நான்தான் நசுங்குவேன்."

அவளே தொலைபேசியை எடுத்தாள். லுசெத் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன் மேடம். வந்து பாக்கறேன். மாட்டற மாதிரி இடம்னு தோணினா மாட்டலாம்" என்று வைத்துவிட்டாள்.

எலியேன் அதே நாளுக்கு அக்கம்பக்கத்தாரையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு நிற்க நேரமில்லை. தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை உரித்தாள்; அடியில் அறுகோணச் செம்மண் ஓடு, ஒன்றுகூட உடையாமல். கைதட்டிக் குதித்தாள் மனுஷி. சுவருக்குச் சுண்ணாம்பில் கொஞ்சம் காவி கலந்து பூசினாள். மூன்று தடவை கலந்து மூன்று தடவையும் பிடிக்காமல், நாலாவதில்தான் பாலாடை நிறம் வந்தது. குழல் விளக்கைக் கழற்றிவிட்டு மேஜைக்கு மேல் தாழ்வாக மஞ்சள் விளக்கு. ஜன்னலுக்குச் சிவப்புக் கட்டம் போட்ட திரை. விட்டத்தில் பூண்டுச் சரம். கொட்டகையில் முயல் கூண்டைச் சுமந்துகொண்டிருந்த நீள ஓக் மேஜையை மர்சியால் இழுத்து வந்து, தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றது என்று முனகினான். ஆனாலும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்த மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். அவன் அப்படி உட்காருவதைப் பார்க்க எலியேனுக்கு நிறைந்துபோகும். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

எல்லாவற்றுக்கும் மகுடமாக ஊர்ச் சதுக்கத்தில் போட்ட பழைய சாமான் சந்தையில் ஒரு வாளி கிடைத்தது. வெள்ளை எனாமல், வயிற்றைச் சுற்றி நீலப்பூ, மேலே மூடி, பிரம்பு சுற்றின கைப்பிடி. எங்கேயும் ஒரு கீறல் இல்லை. விற்ற ஆள் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டான்.

"பாரேன் மர்சியால்! ரொட்டி வைக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?"

மர்சியால் வாளியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அழகா இருக்கு" என்றான்.

அன்றிலிருந்து ரொட்டி அதில்தான். அதிசயம் பாருங்கள், அன்றிலிருந்தே மர்சியால் ரொட்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "தொப்பை போடுது. குறைக்கணும்." சூப்பைக் கிண்ணத்தோடு குடித்தான், சாற்றைக் கரண்டியால் வழித்தான். ரொட்டி இல்லாமல் ஒரு வேளை உட்காராத மனுஷன்! எலியேனுக்குப் பெருமை தாங்கவில்லை. போர்தோவில் இருக்கும் சிநேகிதிக்கு அதைப் போன் போட்டுச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கணப்பில் ஓக் கட்டை எரிந்தது. பூண்டு சூப் மட்டும் மூலையில் எரிவாயு அடுப்பில், ஏனென்றால் வளையத்தில் மாட்ட ஒன்றும் இல்லை. வந்த அக்கம்பக்கத்தார் எல்லாரும் சுவரைப் புகழ்ந்தார்கள், திரையைப் புகழ்ந்தார்கள், அப்புறம் ஒவ்வொருத்தராக அந்த வெறும் வளையத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பக்கத்துத் தோட்டத்து க்ளோவிஸுக்கு அந்த நாகரிகம்கூடக் கிடையாது. "கொக்கி விருந்துன்னாங்க, கொக்கியைக் காணோமே!" என்று போட்டு உடைத்தான்.

லுசெத் கடைசியாக வந்தாள். வெறுங்கையோடு வந்தாள். எலியேனின் கண் நேராக அந்தக் கைக்குத்தான் போனது. லுசெத் நின்ற இடத்திலிருந்தே அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஓக் மேஜையை ஒரு விரலால் தடவினாள்.

"இந்த மேஜையைச் சனிக்கிழமைதோறும் மணல் போட்டுத் தேய்ச்சவ நான். விரல் இடுக்கெல்லாம் ரத்தம் கட்டும். ஃபார்மிகா வந்த அன்னிக்கு நானும் ஜனினும் இங்கேயே ஆடினோம், தெரியுமா மேடம்? ஒரு துடைப்பு, பளிச். நீங்க காசு குடுத்துத் தேடறதை நாங்க காசு குடுத்து ஒழிச்சோம்."

எலியேன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அக்கா சொன்னது உண்மைதானே. "உக்காருங்க, சூப் ஆறிடும்" என்றாள்.

சூப் பரிமாறியாயிற்று. இனி ரொட்டி. எலியேன் வாளியைப் பிரம்புக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு வந்து மேஜை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். வெட்டி அடுக்கின ரொட்டித் துண்டுகள். "எடுத்துக்கங்க!"

ஒரு கை நீளவில்லை. க்ளோவிஸ் விட்டத்துப் பூண்டை எண்ணுகிறவன் போல மேலே பார்த்தான். அவன் மனைவி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம், பல்லுல வலி" என்றார் ஒருவர். "எனக்கும்தான்" என்றார் அடுத்தவர். ஒரு மேஜைக்கே ஒரே நேரத்தில் பல்வலி வருமா?

லுசெத் மெதுவாகக் கரண்டியைக் கீழே வைத்தாள். "மேடம், இது என்ன வாளின்னு தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"

"பால் வாளிதானே?"

"பால் இல்ல."

"எங்க வீட்டுல இது கட்டிலுக்கு அடியில இருந்துச்சு" என்றான் க்ளோவிஸ், இனி அடக்க முடியாமல். "கழிவறை தோட்டத்துக் கோடியில. குளிர்காலத்துல ராத்திரி எவன் எழுந்து போவான்? இந்த மூடி சும்மாவா அவ்வளவு இறுக்கமா இருக்கு?"

எலியேனுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒரேயடியாகப் புரிந்தது. காது வரைக்கும் சூடேறியது. பூமி பிளந்தால் அந்தச் செம்மண் ஓட்டோடு உள்ளே போயிருப்பாள். ஆசை ஆசையாக ஒரு நாட்டுப்புறச் சமையலறை செய்து, ஊரைக் கூட்டி, மூத்திர வாளியில் ரொட்டி! அதுவும் லுசெத்தின் முன்னால்! மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். நின்றவளுக்கு வேறொன்று பொறி தட்டியது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"மர்சியால். நீ இதே வீட்டுல பொறந்தவன்தானே. உனக்குத் தெரியும்."

மர்சியால் சூப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

"அதான் ரொட்டியை நிறுத்தினியா? தொப்பைன்னியே!"

"கடை வாசல்லயே நின்னு அரை ரொட்டியைத் தின்னுட்டு வந்துடுவேன்" என்றான் அவன் தாழ்ந்த குரலில். "இன்னிக்குக் காலையிலாவது சொல்லிடணும்னு இருந்தேன். நீ பாடிக்கிட்டே வெட்டி அடுக்கினே. எப்படிச் சொல்ல?"

"வாங்கிட்டு வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல, மனுஷா?"

"உன் முகத்தைப் பாத்தேன். நாலு வருஷமா இந்த அறையில நான் குழல் விளக்கைப் போட்டுக்கிட்டு நின்னபடியே தின்னேன். இங்க ஒருத்தி சிரிச்சுக்கிட்டு நிக்கறா. வாளியா பெருசு?"

லுசெத் தம்பியை உற்றுப் பார்த்தாள், புதிதாக யாரையோ பார்ப்பதுபோல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று எலியேன் பயந்துபோனாள். இல்லை, சிரிக்கிறாள். சத்தமே வராமல், கண்ணில் நீர் வழிய, மேஜையைக் குத்திக் குத்திச் சிரிக்கிறாள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் விட்டத்துப் பூண்டு தோல் உதிர்ந்தது. எலியேனும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள்?

சிரிப்பு அடங்குவதற்குள் லுசெத் எழுந்தாள். வெளியே போனாள். காரின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போகிறாள், இந்தத் தடவை சூப்பைக்கூட முடிக்காமல் போகிறாள் என்று எலியேன் வாசலைப் பார்த்தாள்.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு லுசெத் திரும்பி வந்தாள். ஒரு கக்கத்தில் வண்டிச்சக்கரம் மாதிரி ஒரு ரொட்டி. இன்னொரு கையில் உருளைக்கிழங்குச் சாக்கு, உள்ளே கனமாக ஏதோ கலகலத்தது.

"ரெண்டும் காலையிலேர்ந்து கார்லதான் இருக்கு" என்றாள். "இது பத்திரிகையில வர்ற சமையலறையா இருந்தா ரெண்டையும் திருப்பி எடுத்துட்டுப் போறதா இருந்தேன்." சாக்கை மேஜைமேல் வைத்தாள். "இவன் என்ன ஆளு தெரியுமா? சூப்புல ஒரு கல் உப்பு கூடினா ஜனின் முகத்துக்கு நேரா கிண்ணத்தைத் தள்ளுவான். பாவம், எத்தனை நாள் என்கிட்ட வந்து அழுதிருக்கா. ஒரு சொல்லை விழுங்கத் தெரியாது இவனுக்கு. இவன் உனக்காக வாயைக் கட்டியிருக்கான், அதுவும் ரொட்டிக்கு! டேய், வெக்கமா இல்ல? இதை முப்பது வருஷம் முன்னால கத்துக்கிட்டு இருக்கக் கூடாதா?"

மர்சியால் தலை நிமிரவில்லை. "இருக்கு அக்கா" என்றான். "வெக்கம் இருக்கு."

லுசெத் கொஞ்ச நேரம் அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சாக்கை அவிழ்த்தாள். உள்ளே அந்தக் கொக்கி: பல் பல்லாக வெட்டின இரும்புப் பட்டை, துருவே இல்லாமல் எண்ணெய் பூசி வைத்திருந்தாள். எலியேன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நீங்க மாட்டுங்க. உங்க வீட்டு இரும்பு."

"என் வீடு எதிர்க்குன்றுல இருக்கு. நீயே மாட்டு. நாற்காலி மேல ஏறு, நான் பிடிச்சுக்கறேன். விழுந்து தொலைக்காதே, அப்புறம் இவனுக்கு மூணாவது எங்க தேடறது?"

எலியேன் ஏறினாள். லுசெத்தின் இரண்டு கையும் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. கொக்கி வளையத்தில் ஏறிய சத்தத்துக்கு க்ளோவிஸ் கைதட்டினான். எரிவாயு அடுப்பிலிருந்து பானை கணப்புக்கு இடம் மாறியது.

மர்சியால் பழைய வழக்கப்படி கத்தி முனையால் புது ரொட்டியின் அடியில் சிலுவை கீறி வெட்டினான். முதல் துண்டு அக்காவுக்கு, இரண்டாவது மனைவிக்கு. அப்புறம் தனக்கு வெட்டிக்கொண்டான், சூப்பில் தோய்த்தான், தின்றான், மறுபடி வெட்டினான். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சூப் மிஞ்சியபோது லுசெத் சிவப்பு ஒயின் புட்டியை எடுத்து, கேட்காமலேயே எலியேனின் கிண்ணத்தில் ஊற்றினாள். "தூக்கிக் குடி. இங்க எல்லாரும் அப்படித்தான்." எலியேன் இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். மூக்கு நுனியெல்லாம் சிவப்பு.

வாளியை வெளியே எறியப் போனவளை லுசெத்தான் தடுத்தாள். "எறியாதே. சுள்ளி போட்டு அடுப்புப் பக்கத்துல வை. என்னிக்காவது இவன் உன்கிட்ட மூஞ்சியைக் காட்டினா, அதை ஒரு தடவை பாத்துக்கோ."

இப்போதும் அந்த வாளி அங்கேதான் இருக்கிறது, நீலப்பூ வெளியே தெரியும்படி. ரொட்டி மட்டும் மேஜைமேல் ஒரு துணியில்.