ஐந்து விரல் மடியும் நேரம்

கிழக்கு மாகாணத்தில் யாரும் வந்து பார்த்துத் திருத்தத் தேவையில்லாத ஆசிரியர் ஒரேயொருவர்தான் இருக்கிறார். வாவிக்கரைப் பள்ளிக்கூடமொன்றில் ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் நிதுர்ஷன். ஆசிரியர் அறையில் நிதுர்ஷனே தந்த தகவல் இது.

பக்கத்து வகுப்பு முப்லிஹா டீச்சர் அப்படியல்ல. ஆசிரிய ஆலோசகர் ஜிப்ரி வந்துபோன நாளிலிருந்து, கேள்வி கேட்டதும் விரல்களை மடக்கி ஐந்து வரை எண்ணிக்கொண்டு நிற்பார்.

“என்ன டீச்சர், பிந்தி வாற கிரான் பஸ்ஸே இதவிடக் கெதியா வந்திருமே!” என்று சிரித்தான் நிதுர்ஷன்.

“பிள்ளைகள் யோசிக்கோணுமே சேர். உங்களுக்கிட்டயும் வருவாரு, அப்ப பாப்பம்.”

வியாழக்கிழமை ஜிப்ரி வருவதாகச் செய்தி வந்தது. நிதுர்ஷனின் நியமனத்தை நிரந்தரமாக்கும் கடிதம் அதிபரின் மேசையில் கிடந்தது.

“ஜிப்ரி சேர் பாக்கட்டும். மறுகா கையெழுத்து வைப்பம்,” என்றார் அதிபர்.

அன்றிலிருந்து நிதுர்ஷனுக்குச் சோறு இறங்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஜிப்ரியோ என்று யன்னலால் எட்டிப் பார்த்தான். ஆகவே புதன்கிழமையே, நீர் பற்றிய மறுநாள் பாடத்தை, மூன்று கேள்வி மூன்று விடையாக, வகுப்பு ஒரே குரலில் ஒப்புவிக்கும்வரை பழக்கிவைத்தான்.

வியாழன். ஜிப்ரி பின்வரிசை வாங்கில் அமர்ந்து கொப்பியைத் திறந்தார். கரும்பலகையில் தலைப்பை எழுதிய நிதுர்ஷனின் கையில் வெண்கட்டி முறிந்தது.

“உப்பில்லாத நீர் எங்கே கிடைக்கும்?”

“கிணற்றில் சேர்!”

ஜிப்ரி எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பேனையைப் பார்த்த பயத்தில், உவர்நீர் எங்கே இருக்கும் என்ற இரண்டாவது கேள்வி நிதுர்ஷனின் தலையை விட்டே போய்விட்டது. மூன்றாவதைக் கேட்டான்.

“குடிநீரை வீட்டில் எதில் வைப்பீர்கள்?”

முப்பது பேரும் ஒரே குரலில்: “வாவியில் சேர்!”

பேனை நின்றது. அது ஓடியதைவிட நின்றதுதான் பயங்கரமாக இருந்தது. ஜிப்ரி எழுந்து முன்னால் வந்தார்.

“நேத்துப் பழக்கினதா சேர்?” மெதுவாகத்தான் கேட்டார்.

நிதுர்ஷன் வெண்கட்டித் துண்டை மேசையில் வைத்தான். ஆமென்று தலையாட்டினான்.

“நானும் உங்கட வயசில பழக்கினவன்தான். இன்னும் பத்து நிமிஷம் இரிக்கு. பழக்காத கேள்வி ஒண்டு கேளுங்க. அதிபரிட்ட அதத்தான் சொல்லுவன்.”

நிதுர்ஷன் வகுப்பின் பக்கம் திரும்பினான். “வெள்ளம் வடியக் கடற்கர மணல வெட்டி முகத்துவாரத்தத் திறந்தா, மறுகா வாவித் தண்ணி ஏன் உப்பாகுது?”

விடையைத் தானே சொல்லிவிட அவன் உதடு துடித்தது. முன்வரிசைக் கம்சாயினி, புருவத்தைச் சுருக்கி யன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவடியால் முப்லிஹா டீச்சர் போனார்.

நிதுர்ஷன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். ஒரு விரல் மடிந்தது. இன்னொன்று. இன்னொன்று.

நான்காவதில் கம்சாயினியின் கை உயர்ந்தது. ஐந்தாவதையும் மடக்கிய பிறகுதான் அவன் அவளைப் பேசச் சொன்னான்.