மணி பார்த்தவள்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. தொண்ணூற்றைந்தாம் வருஷம், சித்திரை வெயிலில், மேலப்பாளையத்திலிருந்து, நான் டீச்சராக இருந்த பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில், என் பக்கத்து இருக்கையில் நடந்தது.

முதல் தொடக்கம்: “ஜுபைதா பீவி வீறிட்டு அலறினாள்.”

அடித்துவிட்டேன். சுத்தப் பொய். அவள் அலறவே இல்லை. அதுதானே வினையே.

2

காய்ச்சலில் கிடந்த இரண்டு வயது மகன் உசாமாவை மடியில் போட்டு, டாக்டரிடம் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். திடீரென்று பிள்ளையின் கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலம் பாரித்து (இங்கே ஓர் உவமை வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

“வண்டிய நிறுத்துங்க அண்ணாச்சி!” என்று கண்டக்டர் அம்பலவாணன் கத்தினார்.

“இரும்பு குடுங்கவே, இரும்பு! கையில வச்சா இழுப்பு நிக்கும்!” பலசரக்குக் கடை காஜா முகைதீன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினார்.

“பல்லு கிட்டிக்கிடும். வாயில எதையாவது குடுங்க!”

ஜுபைதா என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளையை இருக்கையில் ஒருக்களித்துக் கிடத்தினாள். சட்டைப் பித்தானைக் கழற்றினாள். நீண்டு வந்த கைகளையெல்லாம் தட்டிவிட்டாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அட பாவி மக்கா! புள்ள இழுத்துக்கிட்டுக் கெடக்கு, இவ மணி பாக்கா!”

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

3

(இந்தப் பகுதி கதையில் துருத்தும். துருத்தட்டும். முன்பு ஒருமுறை இழுப்பு வந்தபோதே டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார்: காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும், ஒருக்களித்துக் கிடத்து, வாயில் எதுவும் வைக்காதே, அமுக்கிப் பிடிக்காதே, மணி பார், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடு, நின்றாலும் கொண்டுவந்து காட்டு.)

4

நின்றது. உசாமா சிணுங்கி உம்மாவைத் தேடினான். டாக்டரிடம் நானும் கூடப் போனேன். பயமில்லை என்றார் டாக்டர்.

இங்கேயே முடித்து, ஜுபைதாவின் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

“நான் பயப்படாத மாதிரி எழுதிருக்கியளே டீச்சர். வாச்சு முள்ளு நகரக் காணமேன்னு ஈரக்கொல நடுங்கிச்சு. அத எழுதுங்க.”

எழுதிவிட்டேன். பிறகு அவள் டேப் ரிக்கார்டரைத் தட்டினாள். சவுதியிலிருந்து அவள் மாப்பிள்ளை, உசாமாவின் அப்பா, பேசி அனுப்பிய கேசட். பஸ்ஸில் நடந்தது கடல் தாண்டிப் போயிருக்கிறது.

“புள்ள சாகக் கெடக்கும்போது மணி பாத்துக்கிட்டு இருந்தியாமே? நீயெல்லாம் ஒரு உம்மாவா ஜுபைதா?”

பிள்ளையைக் காப்பாற்றியவளிடம் கேட்கிற கேள்வியா இது!

5

முடிவு ஒன்று: அவள் எல்லாவற்றையும் விளக்கிப் பேசுகிறாள், அவன் மனம் வருந்தி

வேண்டாம். அவன் வருந்துவான் என்று எனக்கு என்ன நிச்சயம்?

முடிவு இரண்டு: அவள் மன்னிப்புக் கேட்கிறாள். சத்தியமாக எழுதமாட்டேன்.

நான் பார்த்தது இவ்வளவுதான். கேசட்டைத் திருப்பிப் போட்டாள். பதிவுப் பித்தானை அழுத்தினாள்.

“மச்சான்” என்றாள். அதற்கு மேல் குரல் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் வரவில்லை.

டேப் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுக்காக நீங்கள் பேசுங்கள். பையப் பேசுங்கள், உசாமா தூங்குகிறான்.