டீச்சரின் நடை

டீச்சருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் ஓராண்டாகிறது. அக்காவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சொல்லித் தொலையேன்டி, மறைத்து என்ன சாதிக்கப் போகிறாய் என்று அக்கா திட்டிக்கொண்டே இருந்தாள். சொல்லிவிட்டு? கணவனுக்கு வேலை போய்விட்டது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவள் வேலையோ இசையை உடம்பால் கற்றுக்கொடுப்பது. தாளத்தை நடந்து, குதித்து, கையை வீசிக் காட்ட வேண்டும். முதுகு பிடித்துக்கொண்ட நடன டீச்சரை வாயார வாழ்த்தி வீட்டுக்கு அனுப்பிய பள்ளி, இவளை மட்டும் மடியில் வைத்துத் தாலாட்டுமா?

ஆகவே பெரியவர்கள் பார்க்கும்போது அவள் நடப்பதில்லை. தலைமையாசிரியை தலை தெரிந்தால் பியானோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகள் முன்னால் மட்டும் நடந்தாள். ஏழு வயதுப் பொடிசுகளுக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பு. பாவி, அங்கேதான் கோட்டை விட்டாள்.

அவள் வேலையை நீட்டிக்கலாமா என்று முடிவுசெய்யத் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்தார். டீச்சர் சீரான நடைத்தாளம் ஒன்றை வாசித்தாள். பிள்ளைகள் கூடத்தைச் சுற்றி நடந்தார்கள். இடது கால் அழுந்த, வலது கால் பட்டும் படாமலும். வகுப்பு மொத்தமும் நொண்டியது. டீச்சர் இன்னும் அழுத்தி வாசித்தாள். அவர்கள் இன்னும் அழகாக நொண்டினார்கள்.

"ஒழுங்கா நடங்க கண்ணுங்களா," என்றாள்.

"ஒழுங்காத்தான் நடக்கிறோம் டீச்சர். நீங்க நடக்கிற மாதிரியேதான்," என்றாள் முன்னால் போன வாலு.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. "பிள்ளைங்களுக்குப் புரியல போல. நீங்களே ஒரு சுத்து நடந்து காட்டுங்களேன்," என்றார்.

டீச்சர் எழுந்தாள். இந்த ஒரு சுற்று மட்டும் மானத்தைக் காப்பாற்று என்று காலிடம் கெஞ்சினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே நாலடி வைத்தாள். வலியில் கண் இருட்டியது, ஆனாலும் நடை பிசகவில்லை. பிழைத்துக்கொள்வேன் என்றுகூட நம்பினாள்.

அந்த வகுப்பில் ஒருவர் நடந்தால் மற்றவர்கள் கை தட்டுவார்கள். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் உட்கார்ந்து டீச்சருக்குத் தட்ட ஆரம்பித்தார்கள், தங்களுக்குத் தெரிந்த டீச்சருக்கு. ஒரு தட்டு பலமாக, ஒரு தட்டு சன்னமாக. ஒரு பிள்ளைகூடத் தப்பாகத் தட்டவில்லை.

தாளம் காதில் விழுந்தால் கால் அதன் பின்னால் போய்விடும். பிழைக்கக் கற்றதே அதைத்தானே. வேண்டாம், வேண்டாம் என்று மனம் அலற, ஐந்தாவது அடி அந்தத் தட்டில் போய் விழுந்தது. ஆறாவதும் விழுந்தது. தலைமையாசிரியை பிள்ளைகளைப் பார்ப்பதை விட்டு, அவள் காலைப் பார்த்தார்.