பெயருக்கு மாற்று

கொடிக்கால்பட்டியில், ஊர் வலைப்பக்கத்தில் யார் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறாரோ அங்கேதான் குடியிருப்பார். கண்ணுக்குத் தெரிவது செல்லாது. போன் வாசிக்கக் கேட்பதுதான் செல்லும். தலைப்பு வாசிக்கப்படாதவர் அதற்கு மேலே உள்ள தலைப்போடு ஒண்டிக்கொள்ள வேண்டும்.

பொங்கலுக்குப் பக்கத்தைப் புதுப்பித்தபோது ஞானசிகாமணியின் பெயரைப் பூவேலை செய்த படமாக மாற்றிவிட்டார்கள். பார்த்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அவர் மனைவி மங்கையர்க்கரசிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மறுநாள் காலை அவள் போன் “தெருவிளக்குகள்” என்றது. அடுத்து “மங்கையர்க்கரசி” என்றது. நடுவில் இருந்தவரைக் காணோம். படத்தை வாசிக்கப் போனுக்குத் தெரியாது.

முறைப்படி அவர் தெருவிளக்குகளின் கீழ் வந்துவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு தெரு முக்கில் போய் நின்றார். மங்கையர்க்கரசி தட்டுத்தடுமாறிப் போய்த் தடவிப் பார்த்தாள். கையில் இரும்புக் கம்பம்தான் பட்டது. நடுத்தெரு என்றும் பாராமல் அழுதாள். வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் தனியாக ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை.

பேரூராட்சி அலுவலகத்தில் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர் செல்லையா. தங்கமான மனுஷர், சட்டம் பேசாமல் மட்டும் இருக்கமாட்டார். படத்துக்குப் பின்னால் மாற்று உரை என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எழுதினால் போன் வாசிக்கும் என்றார். அவர் பெயரையே எழுதிவிடுங்கள் என்று அவள் கேட்டாள்.

“பேரையே எழுதினா அது எப்படிம்மா மாற்று ஆகும்? பேருக்குப் பதிலா வேற ஏதாவது சொல்லுங்க.”

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புருஷன் பெயரை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அவரை எப்படித்தான் அடையாளம் கண்டுகொண்டோம் என்று யோசித்தாள்.

“வாசல்ல செருப்பக் கழட்டும்போது ஒரு செருமல் செருமுவாரு. அத எழுதுங்க சார்.”

மறுநாள் போன் தெருவிளக்குகளுக்கு அடுத்து “செருமல்” என்றது. அன்று மத்தியானம் வாசலில் ஒரு செருமல் கேட்டது. அவள் ஓடிப்போய்க் கையை நீட்டினாள். ஆள் இல்லை, செருமல் மட்டும்தான் வந்திருந்தது. உள்ளே வரச்சொல்லி இரண்டு தட்டு வைத்தாள். தன் தட்டைத் தொடாமலே எழுந்துவிட்டாள்.

ஆறு மணிக்கு, மற்ற விளக்குகளோடு ஞானசிகாமணியும் எரியத் தொடங்கினார். தெருவில் போனவர்கள் அவள் வாசலில் நின்று, இந்தப் பக்கம் இப்போது நல்ல வெளிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.